ஒரு துண்டும் வீணாகாமல்

கெட்டி அட்டை போட்ட பழைய ஆல்பம். பக்கம் பழுப்பேறியிருக்கிறது. அதன் நடுவே கருநீலக் காகிதத்தில் ஓர் எண்முனை நட்சத்திரம். சுற்றிலும் முக்கோணங்களும் சாய்சதுரங்களும் கூர்முனைகளும் வட்டம் கட்டி நிற்கின்றன. எங்கும் ஒரு மயிரிழைகூடக் கோணவில்லை. அடுத்த பக்கத்தில் சிவப்பு, அதற்கடுத்ததில் பச்சை. வடிவம் மாறுகிறது, ஒழுங்கு மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவான இப்படிப்பட்ட ஆல்பங்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. மழலையர் பள்ளியின் தொடக்ககாலக் கைவேலை என்று அவற்றுக்கு அடையாளம் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் நாலு வயதுக் குழந்தையா இதை வெட்டியது என்று வாய் பிளக்கிறார்கள்.

குழந்தை வெட்டியது அல்ல. நமக்குக் கிடைத்திருக்கும் ஆல்பங்களில் மிகப் பெரும்பாலானவை ஆசிரியைப் பயிற்சியில் இருந்த இளம்பெண்கள் செய்தவை. மடித்தல், பின்னுதல், ஊசியால் குத்துதல், நூலால் தைத்தல், வெட்டி ஒட்டுதல் என்று ஒவ்வொரு வேலையையும் அவர்கள் முறைப்படி கற்று, பக்கம் பக்கமாக ஒட்டி, பயிற்சி முடித்ததற்குச் சான்றாக வைத்துக்கொண்டார்கள். நார்மன் பிராஸ்டர்மன் 1997இல் வெளியிட்ட மழலையர் பள்ளி வரலாற்று நூலுக்குப் பிறகுதான் இந்த ஆல்பங்களின்மேல் கலையுலகின் கண் விழுந்தது. குழந்தைகள் வெட்டிய காகிதங்கள் கசங்கி, கிழிந்து, வீட்டுக்குப் போய் அடுப்பில் சேர்ந்திருக்கும். அவற்றின் வேலை அந்த வெட்டோடு முடிந்துவிட்டது.

இதை அறிந்த பிறகு அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது. குழந்தைமையின் அழகு என்று நாம் கொண்டாடுவது ஓர் ஆசிரியை குழந்தைக்கு முன்பாகத் தானே உட்கார்ந்து படித்த பாடம். என் அக்கறை அந்தப் பாடத்தைப் பற்றியது.

அந்தப் பாடம் இப்படிப் போகும். உள்ளங்கை அளவுச் சதுரக் காகிதம் ஒன்று. மூலையை மூலையோடு சேர்த்து ஒரு முறை மடிக்க வேண்டும். அந்த முக்கோணத்தை இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை. இப்போது கையில் இருப்பது எட்டு அடுக்குள்ள சிறு முக்கோணம். சதுரத்தின் நடுப்புள்ளி அதன் ஒரு கூர்முனையில் ஒளிந்திருக்கும். அந்த முனையை நறுக்கினால் காகிதத்தின் நடுவே துளை விழும். விழுந்த துண்டைப் பிரித்தால் வெட்டிய சாய்வைப் பொறுத்து ஒரு குட்டிச் சதுரமோ எண்கோணமோ கிடைக்கும். மடிப்போரத்தில் வெட்டினால் நான்கு இரட்டைத் துண்டுகள். திறந்த ஓரத்தில் வெட்டினால் எட்டுத் தனித் துண்டுகள். கத்தரிக்கோல் ஒரு தடவைதான் கடிக்கிறது. மடித்த கோடுகள் நான்கும் நான்கு கண்ணாடிகளாக நின்று அந்த ஒரு கடியை எட்டாக்கிவிடுகின்றன.

வெட்டு முடிந்தால் பாடம் முடிந்துவிடாது. அதற்கு மேல் ஒரு கட்டளை உண்டு: ஒரு துண்டையும் குப்பையில் போடக் கூடாது. உள்ளிருந்து வந்ததையும் ஓரத்திலிருந்து உதிர்ந்ததையும் எடுத்து, நடுவடிவத்தைச் சுற்றி எதிரெதிராக அடுக்கி ஒட்ட வேண்டும். சதுரமாக வந்த காகிதம் சிதறி, சிதறியது முழுவதும் இன்னொரு ஒழுங்காகக் கூடி நிற்க வேண்டும். ஆல்பத்தின் பக்கங்களில் நட்சத்திரத்தைச் சுற்றி நிற்கும் முக்கோணங்கள் அலங்காரத்துக்காகத் தனியே வெட்டப்பட்டவை அல்ல. அந்த நட்சத்திரத்தின் வயிற்றிலிருந்து விழுந்தவை.

இந்தக் கட்டளையை வகுத்தவர் பிரீட்ரிக் ஃபிரோபெல். 1782இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். ஓராண்டு நிறையும் முன்பே தாயை இழந்தவர். வனத்துறை வேலை பழகினார், சுவிட்சர்லாந்தில் கல்வியாளர் பெஸ்டலோசியின் பள்ளியில் இருந்து பார்த்தார். பிறகு பெர்லினில் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸ் என்ற படிகவியல் அறிஞரிடம் கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளராக இருந்தார். அவருடைய கல்வி முறையில் படிகம் எங்கும் எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் இந்த வேலைதான். கல்லுக்குள் இருக்கும் ஒழுங்கும் பிள்ளை மனத்துக்குள் இருக்கும் ஒழுங்கும் ஒரே விதியில் வளர்கின்றன என்று அவர் நம்பினார். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தம் நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். கம்பளிப் பந்து, மர உருண்டை, கனசதுரம், அடுக்கும் கட்டைகள், குச்சிகள் என்று பிள்ளைகளுக்கு வரிசையாகக் கொடுத்த பொருள்கள் ஒருபுறம். காகிதம், நூல், களிமண் கொண்டு செய்யும் கைவேலைகள் மறுபுறம்.

ஒரே பொருளை மூன்று விதமாகப் பார்க்கப் பழக வேண்டும் என்பது அவருடைய முறையின் அடித்தளம். மடித்த காகிதம் படகாகும், வீடாகும். அது வாழ்க்கை வடிவம். விரித்தால் பூவாகும், அது அழகு வடிவம். பாதி, கால், அரைக்கால் என்று எண்ணினால் அது அறிவு வடிவம். குழந்தை மூன்று பாடவேளைகளில் மூன்று பாடம் படிக்கவில்லை. கையில் இருப்பது அதே காகிதம். இன்று நாம் கைத்தொழில் வேளை, ஓவிய வேளை, கணக்கு வேளை என்று அட்டவணையில் வெட்டிப் பிரித்ததை ஃபிரோபெல் ஒரு மடிப்புக்குள் வைத்திருந்தார்.

நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. மார்கழி விடியலில் வாசலில் புள்ளி வைக்கும் பெண்ணும் இதைத்தான் செய்கிறாள். கட்டம் முதலில், வடிவம் பிறகு. இந்தப் பக்கம் போட்ட வளைவு அந்தப் பக்கமும் வந்தாக வேண்டும். ஃபிரோபெலின் பிள்ளைகளும் கட்டம் போட்ட பலகையில் கோடிழுத்துப் பழகினார்கள். நம் பெண்களுக்கு இந்தப் படிப்பைக் கொடுத்தது தெரு. அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுத்தது பள்ளி. நம் தெரு கொடுத்ததை நம் பள்ளி ஒருநாளும் கல்வி என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பது தனிக் கதை.

1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு மழலையர் பள்ளிகளைத் தடைசெய்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. ஃபிரோபெலின் அண்ணன் மகன் கார்ல் எழுதியதை இவர் தலையில் கட்டியதும் அதில் கலந்திருந்தது. அடுத்த ஆண்டே ஃபிரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல். ஆனால் அதற்குள்ளேயே அரசு எதிர்பாராத ஒன்று நடந்தது. அவரிடம் படித்த பெண்கள் ஊர் ஊராக, நாடு நாடாகக் கிளம்பினார்கள். லண்டனில் பள்ளி திறந்தது. 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கரெத் ஷூர்ஸ் திறந்தார். 1869இல் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர், எட்வர்ட் வீபே எழுதிய கையேட்டை அச்சிட்டு, வண்ணக் காகிதமும் கட்டைகளும் பெட்டி போட்டு விற்கத் தொடங்கினார். 1876 ஃபிலடெல்பியா கண்காட்சியில் அந்தப் பெட்டிகளைப் பார்த்து வாங்கிப்போன தாய்மார்களில் ஒருத்தியின் மகன் பின்னாளில் பிராங்க் லாயிட் ரைட் என்ற கட்டடக் கலைஞரானார். அந்தக் கட்டைகள் கடைசிவரை தம் விரல்களில் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

பெட்டி சென்னைக்கும் வந்தது. மாகாணத்தின் பெண்கள் பள்ளிகளை மேற்பார்த்த திருமதி பிராண்டர், இந்திய ஆசிரியர்களுக்கென்று கிண்டர்கார்டன் கையேடு எழுதினார். மிஷன் பள்ளிகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் காகிதப் பின்னலும் மடிப்பும் புகுந்தன. ஆனால் அந்தப் பெட்டி செய்த மிகப் பெரிய காரியம் எந்த வகுப்பறையிலும் நடக்கவில்லை. வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டராக இருந்த தண்டலம் சுந்தர ராவ் கையில் நடந்தது. பலநிற சதுரக் காகிதங்கள் இருநூறும் ஒரு மடிப்புக் கருவியும் வரைபடங்களும் குறிப்புகளும் கொண்ட கிண்டர்கார்டன் பெட்டிதான் தம் நூலுக்குத் தூண்டுதல் என்று அவர் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். 1893இல் சென்னை அடிசன் கம்பெனி அந்த நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டது. காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்பது அதன் தலைப்பின் பொருள்.

குழந்தைக்கான காகிதம் என்று சுந்தர ராவ் அதை ஒதுக்கிவைக்கவில்லை. தாமே மடிக்க உட்கார்ந்தார். சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடித்தால் பாதிப் பரப்பில் இன்னொரு சதுரம். மறுபடி மடித்தால் கால். மறுபடி, அரைக்கால். பாதியும் காலும் அரைக்காலும் கூடக் கூட ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும், ஒன்றைத் தாண்டாது. முடிவிலித் தொடர் என்று கல்லூரியில் மிரட்டும் விஷயம் இங்கே விரல் நுனியில் நடக்கிறது. பிறகு சமபக்க முக்கோணம், அறுகோணம், எண்கோணம். மூன்று மடிப்பில் எட்டு இதழ் எளிதாக வரும். ஐந்து இதழ் வராது. வாசலில் பூக்கும் செம்பருத்திக்கு ஐந்து இதழ்தான், ஆனால் காகிதத்தில் அதைக் கொண்டுவர ஒரு கோட்டைப் பொன் விகிதத்தில் பிரிக்கத் தெரிய வேண்டும். சுந்தர ராவ் அதையும் மடித்தே காட்டுகிறார். கடைசி அத்தியாயங்களில் பரவளையமும் நீள்வட்டமும் வருகின்றன. கவராயமும் அளவுகோலும் வேண்டியதில்லை. ஒரு பேனாக்கத்தியும் துண்டுக் காகிதமும் போதும்.

இந்த நூலை ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் தம் விரிவுரையில் குறிப்பிட்டார். அதைப் படித்துத்தான் பீமன், டேவிட் யூஜின் ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் நூலைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் செம்மைப்படுத்திய பதிப்பு 1901இல் சிகாகோவில் வந்தது. கோட்டுப்படங்களோடு, மடித்த காகிதத்தையே படமெடுத்தும் அதில் அச்சிட்டார்கள். ஜெர்மனியில் தடைபட்ட ஒரு குழந்தை விளையாட்டு, சென்னையில் ஓர் அலுவலர் கையில் கணிதமாகி, ஜெர்மானியர் ஒருவர் வாயால் பாராட்டுப் பெற்று அமெரிக்காவுக்குப் போனது. கன மூலத்தை மடிப்பால் பெற முடியாது என்ற எண்ணம் சுந்தர ராவுக்கு இருந்திருக்கிறது. இரண்டு புள்ளிகளை ஒரே மடிப்பில் இரண்டு கோடுகளின்மேல் விழச் செய்தால் அதுவும் கிடைக்கும் என்று 1936இல் இத்தாலியின் மார்கரீட்டா பெலோக் நிறுவினார். ஒரு காகிதத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது இன்னும் முழுக்கத் தெரிந்துவிடவில்லை.

இவ்வளவு சொன்னதால் ஃபிரோபெல் பள்ளிகள் சொர்க்கமாக இருந்தன என்று யாரும் கொள்ள வேண்டாம். அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கைவேலைகள் கட்டளைப் பயிற்சியாக இறுகிப்போயின. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே மடிப்பை மடிக்க வேண்டும், ஆசிரியை சொன்ன கோட்டில் வெட்ட வேண்டும். பொடிப்பொடியான குத்தலும் தையலும் சின்னக் கண்களையும் விரல்களையும் வருத்துகின்றன என்று எதிர்ப்பு எழுந்தது. ஸ்டான்லி ஹால், ஜான் டியூவி போன்ற கல்வியாளர்களின் விமர்சனத்துக்குப் பின் அமெரிக்காவில் அந்த வேலைகள் மெல்ல மறைந்தன. மரியா மாண்டிசோரி வேறு வழியில் போனார். 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்தவருக்கு, போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் ஐரோப்பா திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் இரண்டாண்டுகள் நம் கொடைக்கானலில் இருந்தார். அவருடைய பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஒவ்வொரு பொருளையும் தாம் கையாண்டு பழகி, அதைப் பற்றித் தம் கைப்பட ஆல்பம் எழுதித்தான் வெளியே வந்தார்கள். ஃபிரோபெலோடு எத்தனையோ விஷயங்களில் முரண்பட்ட மாண்டிசோரி இதில் மட்டும் அவர் பக்கம் நின்றார்: சொல்லிக்கொடுப்பவர் கை முதலில் படிந்திருக்க வேண்டும்.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது மதுரை பழங்காநத்தத்தில். ரவுண்டானாவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும், திருப்பரங்குன்றம் சாலையானாலும் டி.வி.எஸ். நகர்ப் பக்கமானாலும், ஒரு நர்சரி பள்ளியும் அதற்குத் துணையாக ஒரு ஜெராக்ஸ் கடையும் இருக்கும். ஜூன் பிறந்தால் அந்தக் கடைகளில் கிளேஸ் பேப்பரும் சார்ட்டும் சம்கியும் ஃபெவிகாலும் குவிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு ஒரு தாய் ஓடிவருவார்.

"அண்ணே, பூவோட பாகம் சார்ட் இருக்கா? நாளைக்குக் காலையில குடுத்தாகணுமாம்."

"வெட்டி ஒட்டுனதே இருக்குக்கா. பேர மட்டும் எழுதிக் குடுத்துவிடுங்க."

இந்த உரையாடலில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரருக்கு வியாபாரம். தாய்க்கு விடிந்தால் வேலை. யு.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு மூன்றடுக்கு தெர்மோகோல் பூ செய்யத் தெரியாது என்று கேட்ட ஆசிரியைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்தே நடக்கும் இந்தக் காரியத்தில் காகிதத்தைத் தொடாத ஒரே ஆள் குழந்தை.

அரசுப் பள்ளியில் கதை கொஞ்சம் வேறு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்கள் அட்டை வெட்டுகிறார்கள், முகமூடி செய்கிறார்கள், பொம்மலாட்டம் நடத்துகிறார்கள். டி.எல்.எம்., அதாவது கற்பித்தல் துணைப்பொருள், என்ற சொல் அவர்கள் வீட்டு வரவேற்பறைவரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியைகளை நான் அறிவேன். அவர்கள் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் ஆசிரியை வெட்டுகிறார், குழந்தை பார்க்கிறது. வெட்டியது சுவரில் ஏறுகிறது, புகைப்படமாகி வாட்ஸ்அப்பில் போகிறது. அங்கன்வாடியிலோ நிலைமை இதைவிட இறுக்கம். எடை பார்ப்பதும் சமைப்பதும் பதிவேடு எழுதுவதும் செல்போன் செயலியில் ஏற்றுவதும் போக, ஒரே ஊழியருக்குக் காகிதம் மடிக்க நேரம் எங்கே கிடைக்கும்?

அந்த ஆல்பங்கள் செய்த பெண்களுக்கும் நம் ஆசிரியைகளுக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. அந்தப் பெண்கள் வெட்டியது சுவருக்காக அல்ல, தங்களுக்காக. மூன்றாவது மடிப்பில் நடுப்புள்ளி எங்கே போகிறது, எந்த ஓரத்தில் வெட்டினால் காகிதம் இரண்டாகப் பிளந்துவிடும், எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும் என்பதை அவர்கள் தங்கள் விரலில் கண்டுகொண்டார்கள். பிறகு வகுப்பில் பிள்ளையின் காகிதம் பிளந்தபோது அவர்களால் பொறுமையாக இருக்க முடிந்திருக்கும். தான் தப்பாக வெட்டிய அனுபவம் இல்லாதவரால் பிள்ளையின் தப்பான வெட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பயிற்சி ஆல்பம் ஆசிரியையை அழகாக வெட்டத் தயார் செய்ததைக் காட்டிலும், கோணலான வெட்டைப் பொறுத்துக்கொள்ளத் தயார் செய்தது என்றே நான் நினைக்கிறேன்.

கைக்குப் பஞ்சமான ஊரும் அல்ல இது. புதுமண்டபத்துத் தையல் மரபைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடமும் குடையும் தொம்பையும் துணியை வெட்டி வெட்டி ஒட்டுத்தையலில் பிறந்தவை. பந்தலில் தொங்கும் தென்னங்குருத்துத் தோரணத்தைக் கிழித்து மடிப்பவருக்கு அளவுகோல் தேவைப்படுவதில்லை. ஓலையில் கிளியும் காற்றாடியும் செய்துகொடுத்த தாத்தாக்கள் இருந்த ஊர். இந்தக் கைகளில் ஒன்றையாவது ஒரு வகுப்பறை விருந்துக்கு அழைத்ததுண்டா? சுந்தர ராவ் வெளிநாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததை நாம் உள்ளூர் ஓலையிலிருந்தே எடுத்திருக்கலாம்.

பழைய காகித வெட்டுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து ரசிப்பதால் நமக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது சிறியது, செலவும் குறைவு. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் அங்கன்வாடிப் பயிற்சியிலும் ஒவ்வொருவரும் சொந்தக் கையால் மடித்து, வெட்டி, ஒட்டிய ஓர் ஆல்பத்தோடு வெளியே வரட்டும். சுந்தர ராவின் நூல் பதிப்புரிமை முடிந்து எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. பள்ளி ஆசிரியர் படிக்கும் எளிய தமிழில் அது ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்திலும் இருக்கட்டும். பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: அடுத்த முறை பள்ளி சார்ட் கேட்டால் ஒட்டி வைத்ததை வாங்காதீர்கள். ஒரு சதுரக் காகிதத்தையும் மொட்டை முனைக் கத்தரிக்கோலையும் பிள்ளையிடம் கொடுத்து, அது கோணலாக வெட்டியதை அப்படியே கொடுத்தனுப்புங்கள். ஆசிரியை திருப்பி அனுப்பினால் மறுபடியும் அதையே அனுப்புங்கள்.